மூன்று வேளை மருந்தும் ஒரு வேளைச் சோறும்

என் மாமா சுங்கை சிப்புட் சந்தையில் மலாய்க்காரரோடும் சீனரோடும் அவரவர் மொழியிலேயே பேரம் பேசுவார். வெள்ளைக் கோட்டுக்காரர்களைக் கண்டால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ரப்பர் தோட்டத்துத் துரைக்கு முன்னால் அவருடைய அப்பா எப்படிக் கைகட்டி நின்றாரோ, அப்படியே நிற்பார். அதனால் ஈப்போ மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம், மலாய்க் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய என்னைப் பள்ளிக்கு மட்டம் போடவைத்துக் கூட்டிப்போவார். எனக்குப் பத்து வயது. என் மொழிபெயர்ப்பில் அன்று எனக்கு இருந்த நம்பிக்கை, அதற்குப் பிறகு எந்த வேலையிலும் வந்ததில்லை.

மாமாவுக்கு இனிப்பு நீர். சர்க்கரை நோயை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மருந்து கவுண்டரில் இருந்த மலாய் அக்கா மாத்திரைப் பொட்டலத்தை நீட்டி, ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு ஒன்று, சாப்பிட்ட பிறகுதான், வெறும் வயிற்றில் கூடவே கூடாது என்றார். ஓர் எழுத்துப் பிசகாமல் தமிழில் சொன்னேன். புரிந்ததா என்று அக்கா கேட்டார். மாமா தலையாட்டுவதற்கு முன்பே நான் புரிந்தது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் ஒரு வம்பும் இல்லை. பிறகு தைப்பூசம் நெருங்கியது. காவடி எடுக்க மாமா விரதம் தொடங்கினார். மதியம் ஒரு வேளை மட்டும் மரக்கறிச் சோறு. ஐந்தாம் நாள் சாயங்காலம், தான் ஓட்டும் லாரியில் ஏறக் கால் வைத்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். வேர்த்து ஊற்றியது, கை நடுங்கியது. கண் திறந்ததும் சீனி அள்ளிப் போட்டு அத்தை கொடுத்த தேத்தண்ணியைக் குடித்த பிறகுதான் ஆள் தெரிந்தது.

அத்தைக்குச் சந்தேகமே இல்லை. விரத வீட்டில் யாரோ கவுச்சி சாப்பிட்டிருக்கிறார்கள். "யாருன்னு மட்டும் தெரியட்டும்லா, அப்புறம் இருக்கு" என்றார். அன்று காலை பள்ளியில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றை நெத்திலியோடு வழித்துத் தின்றவள் நான். மாமாவைக் கீழே தள்ளியது அந்த நெத்திலிதான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த முறை லாரி ஓட்டிக்கொண்டிருக்கும்போது மயங்கினால் மாமா பிழைப்பாரா என்று நினைத்து நினைத்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஈப்போவுக்குப் போனோம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். ஒரு நாளும் தப்பியதில்லை என்றார் மாமா. உண்மைதான். டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டு எங்களை மருந்து கவுண்டருக்கு அனுப்பினார். அங்கே அதே மலாய் அக்கா. இந்த முறை புரிந்ததா என்று கேட்கவில்லை. மாத்திரைகளை ஒரு மூடியில் கொட்டி, நேற்று எப்படிப் போட்டீர்களோ அப்படியே எடுத்துக் காட்டுங்கள் என்றார்.

மாமா மூன்று மாத்திரைகளை உள்ளங்கையில் எண்ணி வைத்து, மூன்றையும் ஒன்றாக வாய்க்குக் கொண்டுபோனார். அக்கா எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிட்ட பிறகுதான் போடணும்னு நீதானேம்மா சொன்ன? நான் சாப்பிடுறது ஒரு வேளை. மருந்து மூணும் தப்பாம உள்ள போவணும்ல. அதான் சோத்துக்கு அப்புறம் ஒண்ணா போட்டுக்கிறேன்" என்று மாமா என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நெத்திலி தப்பித்த சந்தோஷம் எனக்கு. "ஐயோ மாமா, மூணையுமா!" என்று கத்தியதில் வரிசையே திரும்பிப் பார்த்தது. மாமா தலையைக் குனிந்தபடி மாத்திரைகளை ஒவ்வொன்றாக மூடியில் திரும்பப் போட்டார்.

மாமா சொன்னதை நான் மலாயில் சொன்னதும், அக்கா டாக்டரோடு தொலைபேசியில் பேசினார். விரதத்தை விடச் சொல்லவில்லை. விரதம் முடியும்வரை சோற்றோடு ஒரே ஒரு மாத்திரை, இரவில் கொஞ்சம் பாலும் பழமும் என்று மாற்றிக் கொடுத்தார். மாமா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போய்விட்டார். அக்கா என்னை மட்டும் நிறுத்தினார். "தப்பு என்னுடையது, எத்தனை வேளை சாப்பிடுகிறார் என்று நான் கேட்கவே இல்லை, அவர் நான் சொன்னபடிதான் செய்திருக்கிறார், இதை மாமாவிடம் கட்டாயம் சொல்" என்றார்.

லாரியில் ஏறியதும் மாமா கேட்டார். "என்னா சொன்னாங்க அவங்க?"

"ஒண்ணுமில்ல மாமா. மறக்காம மருந்து போடச் சொன்னாங்க."

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து நான் அப்படிச் சொல்லவில்லை. அவ்வளவு படித்தவர் தன் மேல் தப்பு என்று சொன்னதை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. ஏதோ மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மருந்து சம்பந்தமில்லாத பேச்சு, அதை எதற்கு மொழிபெயர்ப்பது என்று விட்டுவிட்டேன்.

மாமா அந்த வருடம் காவடி எடுத்தார். மலைப்படி முழுக்க ஏறி இறங்கியும் விழவில்லை. இன்றும் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் எந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும், "நான் படிக்காத முட்டாளுங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார். மருந்தை மட்டும் சரியாகச் சொன்னால் போதும் என்று நினைத்த அந்தப் பத்து வயதில், அவருக்கு அன்று மருந்தைவிட அவசரமாகத் தேவைப்பட்டது நான் சொல்லாமல் விட்ட அந்தப் பேச்சுதான் என்று எனக்குத் தெரியவில்லை.