அக்கா கட்டி வைத்த அளவுகள்

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து, எடுத்த பேனாவை அப்படியே மூடி வைத்திருக்கிறேன். அக்கா உயிரோடு இருந்தவரை எழுத விடவில்லை. "என்னத்தப் பெருசா கிழிச்சிட்டேன்னு எழுதப் போற? துணியத்தான் கிழிச்சேன்" என்று சிரிப்பார். இன்னொரு காரணமும் உண்டு. இதில் வரும் ஒரு தாய் இன்றும் நம்மோடு இருக்கிறார். அவர் மனம் நோகக் கூடாதே என்று பயந்தேன். போன மாதம் பூசை முடிந்து படியிறங்கும்போது அவரே என் கையைப் பிடித்து, "எழுதுங்க தங்கச்சி. ஆனா நான் கெட்டவ இல்லேன்னும் சேத்து எழுதுங்க" என்றார். ஆகவே ஆண்டவரை வேண்டிக்கொண்டு, அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காக எழுதுகிறேன். என் படிப்பு தோட்டப் பள்ளிக்கூடத்தோடு நின்றது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்துக் கடைசி வீட்டில். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். அவர்கள் காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனதும் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விடுவது அக்காதான். பண்டாரவளையில் கன்னியாஸ்திரிகளிடம் தையல் பழகினார். தெமோதரையில் ரயில் பாதை வேலை செய்த அத்தானுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பிள்ளை இல்லை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம், மழைக்காலத்தில், காய்ச்சல் கண்டு அத்தான் போய்விட்டார்.

என் வீட்டுக்காரரும் தெமோதரையில்தான் ரயில்வே வேலையில் இருந்தார். அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்தோம். தையல் மெஷினோடு வந்தார். "தம்பி, சும்மா சோறு போட வேணாம். சன்னல் ஓரமா ஒரு மூல குடுங்க, போதும்" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டார். அந்த மூலையில் உட்கார்ந்து தைத்த துணிதான் சுற்றியுள்ள தோட்டங்களில் பாதிப் பெண்கள் உடுத்தியது.

தோட்டத்துப் பெண்களுக்கு ஒவ்வொரு தடவையும் அளவு கொடுக்க மலையிறங்கி வர நேரம் ஏது? அதனால் அக்கா ஒருமுறை அளவெடுத்தால் அதைக் காகிதத்தில் வெட்டி வைத்துக்கொள்வார். பழைய பேப்பர், தேயிலைப் பெட்டிக்குள் வரும் தடித்த காகிதம், எது கிடைத்தாலும் சரி. ஜாக்கெட், பிள்ளைகளின் கவுன், முதன்முதலில் நற்கருணை வாங்கும்போது உடுத்தும் புது நன்மை உடுப்பு எல்லாவற்றுக்கும் அளவு இருந்தது. வெட்டி மிஞ்சின துண்டுகளை ஒட்டிப் போர்வை தைப்பார். அதற்கான முக்கோணம், சதுரம் எல்லாம் அட்டையில் வெட்டி ஒரு பிஸ்கட் தகரத்தில் கிடக்கும். வருடம் போகப் போக அளவுகள் பெட்டி பெட்டியாகப் பெருகிவிட்டன.

காகிதத்தில் அக்கா பெயர் எழுதுவதில்லை. எங்கள் பக்கத்தில் அந்தோணியம்மா என்று கூப்பிட்டால் பூசைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால், அந்தப் பெண்ணுக்கு முதலில் தைத்த துணியில் ஒரு நாடா கிழித்து, அவள் அளவைச் சுருட்டி அதனாலேயே கட்டிவிடுவார். நாடாவைப் பார்த்தால் ஆளைச் சொல்லுவார். "இந்தக் கத்திரிப்பூ நெறம் மேல்கணக்கு லயத்துல இருக்கிற ரோசு. இந்தக் கட்டம் போட்டது கங்காணி வீட்டு மருமக."

இன்னொரு முறையும் வைத்திருந்தார். இறந்தவர் அளவில் உயிரோடு இருப்பவருக்குத் துணி வெட்டக் கூடாது என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. அக்காவுக்கு அந்தப் பயம் கிடையாது. "பயத்துக்கு இல்ல, மரியாதைக்கு" என்பார். நவம்பர், இறந்தவர்களுக்காகச் செபிக்கும் உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம். அது வந்ததும் எல்லாப் பெட்டியையும் இறக்குவார். அந்த வருடம் இறந்தவர்களின் அளவைத் தனியே எடுத்து, ஆளுக்கொரு செபம் சொல்லி, மாதா படத்துக்குக் கீழே இருந்த பெட்டியில் வைப்பார்.

ஒரு வருடம் நவம்பர் பிறக்கும் முன்பே மெஷின் ஊசி அக்காவின் வலது விரலில் பாய்ந்து, முனை உள்ளேயே ஒடிந்து போனது. கை வீங்கிப் பதுளை ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. நான் அங்கும் இங்கும் ஓடினேன். வீட்டைப் பார்த்துக்கொள்ள என் நாத்தனார் அப்புத்தளையிலிருந்து வந்தார். தங்கமான மனுஷி. ஆனால் கை சும்மா இருக்காது. ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறேன், வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"கண்ண மூடிக்கிட்டு வாங்க மதினி. இப்பத் தொறங்க!"

பெட்டிகள் வரிசையாக இருந்தன. காகிதம் எல்லாம் இஸ்திரி போட்டு, மூலைக்கு மூலை சேர்த்து அடுக்கியிருந்தது.

"பெருசு, நடுத்தரம், சிறுசு. எத்தன வருஷத்துச் சுருட்டலு! அக்கா வந்து பாத்தா அசந்துருவாங்க."

"கட்டியிருந்த நாடாவெல்லாம் எங்க?"

"அந்தக் கந்தலா? ஒரு சாக்குல போட்டு வச்சிருக்கேன். தலகாணிக்கு ஆகும்."

"மாதா படத்துக்குக் கீழ இருந்த பெட்டி?"

"அதையும் எடுத்துக் கலந்து அடுக்கிட்டேன். அதுலதான் மதினி தூசு ஜாஸ்தி."

நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு, "இன்னொண்ணு கேளுங்க. லூர்தோட கல்யாண ஜாக்கெட்டையும் தச்சு முடிச்சிட்டேன்!" என்றார்.

லூர்து அக்காவின் ஞானமகள். தகப்பன் இல்லாத பிள்ளை. கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்து அறிவித்தாகிவிட்டது. கிறிஸ்மஸுக்கு முந்தின ஆகமன காலம் தொடங்கினால் கோயிலில் கல்யாணம் இல்லை என்பதால், அதற்கு முன்பே நாள் குறித்திருந்தார்கள். ஜாக்கெட்டுக்கான பட்டுத் துணி மாப்பிள்ளை வீட்டார் பதுளையில் எடுத்துக் கொடுத்தது. நாத்தனார் பிள்ளையைக் கண்ணால் பார்த்துவிட்டு, சிறிய அளவுகளிலிருந்து ஒன்றை உருவி, தையலுக்குக் கொஞ்சம் கூட்டி விட்டு வெட்டித் தைத்திருக்கிறார். குறை சொல்ல முடியாத தையல். லூர்துக்கு அச்சாகப் பொருந்தியது. ஆனால் அது யார் அளவு?

தண்ணீர்க் குழாயடியில் பேச்சுப் பரவ ஒரு பகல் போதும். மறுநாளே மாப்பிள்ளையின் தாய் வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எந்தப் பொணத்தோட அளவு அது?"

"அப்படிச் சொல்லாதீங்க. உசுரோட இருக்கிறவங்களோடதாவும் இருக்கலாம்."

"இருக்கலாமா? எம் மூத்த மருமக தாலி ஏறி வருஷம் திரும்பல, மண்ணுக்குப் போயிட்டா. சவப்பெட்டியத் தூக்கினது எம் மூத்த மகன். இளையவனையும் இன்னொண்ணு தூக்கச் சொல்றீங்களா?" அடுக்கியிருந்த பெட்டிகளைக் கையை நீட்டிக் காட்டினார். "உசுரோட இருக்கிற ஒரு ஆளக் காட்டி, இவங்க அளவுதான்னு சொல்லுங்க. இல்லாட்டி கல்யாணம் நிக்கட்டும். தை மாசம் பாப்போம்."

அவர் கெட்டவர் இல்லை. ஒரு மருமகளைப் புதைத்த தாய். ஆனால் ஓலை வாசித்த கல்யாணம் நின்றுபோனால் லூர்தைப் பற்றி ஊர் என்ன பேசும்? வேறு துணி எடுக்கலாம் என்றாலும், அவர் மனதில் விழுந்த பயத்துக்கு எந்தக் கடையில் துணி எடுப்பது? அன்று செபமாலை சொல்லும்போது மணிகளை விட்டுவிட்டுக் காகிதங்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அக்கா கைக்கட்டோடு வீடு வந்தார். பெட்டிகளைப் பார்த்தார். நாத்தனார் அடுப்படியில் நின்று தேம்பிக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் கூப்பிட்டு, "அழாத தாயி. இஸ்திரி நல்லாத்தான் போட்டிருக்க" என்றார். பிறகு காகிதங்களை இடது கையால் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நாடா இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா அவங்கவங்க ஒடம்பு இருக்கே. வச்சுப் பாத்தாத் தெரியாதா?"

கோயில் உபதேசியாரிடம் சொல்லி, ஞாயிறு பூசை முடிவில் அறிவிக்கச் செய்தோம். அக்காவிடம் அளவு கொடுத்தவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று. வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதம் இல்லாமல் வந்தார்கள். வீடு கொள்ளாமல் முற்றத்தில் பாய் விரித்தோம். காகிதத்தை ஒருவர் முதுகில் ஒருவர் வைத்துப் பார்த்த அந்தக் கூத்தை எப்படி எழுதுவேன்!

"இது என்னோடது."

"ஒன்னோடதா? இதுல ஒன் ஒரு கைதான் நொழையும்."

"கல்யாணத்தப்ப எடுத்த அளவுடி. அப்ப நான் கொடி மாதிரி இருந்தேன்."

"கொடி இப்ப பந்தலாயிருச்சு. வச்சிட்டு அங்குட்டுப் போ."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ஒவ்வொருவரும் தன் அளவைக் கண்டுபிடித்ததும், அவர் கட்டியிருந்த சேலை முந்தானையிலிருந்தே ஒரு நூலை உருவிக் கட்டிப் பெட்டியில் வைத்தோம்.

இருப்பவர்கள் தங்கள் அளவைப் பிரித்தெடுத்த பிறகு மிச்சம் கிடந்தவற்றைப் பார்த்துச் சத்தம் அடங்கியது. "இது மூக்காயி அக்காளோடது. கழுத்த எறக்காதீங்கன்னு சண்ட போடும்." "இந்தப் பொடிக் கவுனு எம் மகளோடது." அந்தத் தாய் அதை மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் மங்கள வார்த்தை செபம் சொன்னோம். சைவக்காரரும் கைகூப்பி நின்றார்கள். பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்களின் அளவுகள் வந்தன.

"இவங்க உசுரோட இருக்காங்களா போயிட்டாங்களான்னே தெரியாதே. எதுல சேக்குறது அக்கா?"

"இருக்காங்கன்னே வைப்போம்" என்றார் அக்கா.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. குண்டூசித் துளைகளில் கல்யாணப் பட்டின் நூல் ஒட்டிக்கொண்டிருந்த காகிதம். யாரும் தனது என்று சொல்லவில்லை. யாரும் இறந்தவர் அளவு என்றும் அடையாளம் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தாய் காலையிலிருந்தே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். லூர்து அழக்கூட இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா காகிதத்தைச் சன்னலுக்குக் கொண்டுபோனார். நடுவில் வெளிச்சம் ஊடுருவும் ஒரு கறை.

"அது தலையெண்ணெக்கா. இஸ்திரி போடும்போதே பாத்தேன்" என்றார் நாத்தனார்.

அக்கா நகத்தால் சுரண்டினார். முகர்ந்து பார்த்தார். "எண்ணெ இல்ல, மெழுகு" என்றார். திடீரென்று கட்டுப்போட்ட கையையும் மறந்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடி ஆத்தே! இது மாதாவோடது!"

முந்தின பெருநாள் ஒன்றுக்குக் கோயில் மாதா சுரூபத்துக்கு அங்கி தைத்தது அக்காதான். ஏறக்குறைய ஆள் உயரச் சுரூபம், அங்கியின் மேல்பாகம் ஒரு ஜாக்கெட் அளவுதான். பீடத்தருகே நின்று அளவெடுக்கும்போது மெழுகுதிரி சொட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையின் தாய் மட்டும், "எனக்கு உறுதியாத் தெரியணும்" என்றார்.

எல்லோரும் கோயிலுக்கு நடந்தோம். உபதேசியார் முக்காலி கொண்டுவந்து போட்டார். அந்தத் தாய் முட்டி போட்டு எழுந்து, தானே ஏறி, காகிதத்தை மாதாவின் தோளில் வைத்தார். இந்தத் தோளும் அந்தத் தோளும் இம்மி பிசகவில்லை. முக்காலியில் நின்றபடியே காகிதத்தைச் சுருட்டினார். பிறகு திரும்பி அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"உசுரோட இருக்கிற ஒரு ஆளக் காட்டச் சொன்னேன். காட்டிட்டீங்க."

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. லூர்து இன்று மூன்று பிள்ளைகளுக்குத் தாய். மாமியார் அவளைப் பெற்ற மகளாக வைத்திருக்கிறார்.

சாக்கில் கிடந்த நாடாக்களை அக்கா வீணாக்கவில்லை. கை ஆறியதும் பிஸ்கட் தகரத்து அட்டைகளை எடுத்து, நாத்தனாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு போர்வை தைத்தார். மூச்சிரைப்பு வந்து படுத்த கடைசி மாதங்களில் அதுதான் அவர் மேல் கிடந்தது. பார்க்க வந்த பெண்கள் தங்கள் துணி எங்கே இருக்கிறது என்று அதில் தேடுவார்கள். அக்கா விரலால் தொட்டுக் காட்டுவார். ஒரு காலை, சுவாமியாரிடம் அவஸ்தைப்பூசுதல் பெற்று, செபம் கேட்டுக்கொண்டே அமைதியாகக் கண்ணை மூடினார்.

அன்றுதான் ஒன்று தெரிந்தது. அத்தனை பேர் அளவும் இருந்த வீட்டில் அக்காவின் அளவு இல்லை. தனக்குக் கண்ணளவில் வெட்டிக்கொள்வார். நாத்தனார் கத்தரிக்கோலோடு தயங்கி நின்றார். "மதினி, ஒங்க அளவு சரியா வரும். ஆனா உசுரோட இருக்கிறவங்க அளவுல..." என்று இழுத்தார். "வெட்டுங்க" என்றேன். என் அளவில் தைத்த வெள்ளை உடுப்பில்தான் அக்கா போனார். சரியாக இருந்தது. எனக்குப் பயம் வரவில்லை.

அக்காவின் நோயில் உதவிய ஆஸ்பத்திரித் தாதிமார், மழையில் நடந்து வந்த சுவாமியார், பெட்டி சுமந்த ரயில்வேத் தோழர்கள், அப்பம் சுட்டுக் கொடுத்த பெரகல கடைக்காரர், தூரத்துத் தோட்டங்களிலிருந்து நடந்து வந்த தாய்மார், இன்றும் அந்த மெஷினில் உட்கார்ந்து தைக்கும் என் நாத்தனார், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

ஒரு வேண்டுதல். மாதா இரவில் இறங்கி வந்து அளவுகளைப் பிரித்து வைத்தாள் என்று சில இடங்களில் சொல்லுகிறார்களாம். அக்கா காதில் அது விழுந்தபோது, "மாதாவுக்கு வேற வேலை இல்லையா?" என்றார். அப்படி நடக்கவில்லை. பிரித்தது நீங்கள்தான், உங்கள் முதுகில் வைத்துப் பார்த்து. அவசரத்தில் ஒரு கை தவறான காகிதத்தை உருவியது, அது தவறாகப் போகாமல் கர்த்தர் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதில் ஒன்றும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அக்கா வெட்டித் தந்த அளவைப் போல, இருக்கிறபடியே அடுத்தவர் கையில் கொடுங்கள்.