வலது கால் மட்டும்

என் மேசைக்கு மேலே சுவரில் ஓர் ஆணியில் ஷூ ஒன்றின் மேல்பாகம் தொங்குகிறது. வெள்ளைத் துணியும் நீலத் தோலும் சேர்த்துத் தைத்தது, அடிப்பாகம் ஒட்டாதது, வலது கால். எங்கள் தொழிலில் இதை அப்பர் என்போம். சென்ற வாரம் எங்கள் ஃபாக்டரியில் புதிதாகச் சேர்ந்த அதிகாரி, வடக்கனந்தல் பெண், ஒரு கட்டுக் கேள்விகளோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். எங்களிடம் விளையாட்டு ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி கேட்ட கேள்விகள் அவை. துணி விலை ஏறினால் என்ன செய்வீர்கள், வாங்குகிறவர்களின் ருசி மாறினால், ஒரே இடத்தை நம்பியிருந்தால், சாலை அடைபட்டால் என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை ஆபத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிய ஒருவரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

அவரை முதலாளியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். கள்ளக்குறிச்சியில் மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில்லை வாடகைக்குப் பிடித்து, தையல் மிஷின்களை வரிசையாகப் போட்டு, சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்களை உட்கார வைத்தார். நான் அங்கே சூப்பர்வைசர். நாங்கள் தைப்பது அப்பர் மட்டும். மெட்ராஸில் ஓர் ஏற்றுமதிக்காரர் அதற்கு அடிப்பாகம் ஒட்டிக் கப்பலேற்றுவார். அவரிடம் ஷூ வாங்கிய வெளிநாட்டுக் கம்பெனியை முதலாளியம்மா கண்ணால் கண்டதில்லை. ஆனால் சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார். "அவுங்களுக்கு இந்த வருசம் நீலம் புடிச்சிருக்குது. அடுத்த வருசம் இன்னா புடிக்குமோ, பச்ச நூலயும் கொஞ்சம் வாங்கி வையி" என்பார். "ஒரே பார்ட்டிய நம்பிக்கினு இருக்கோமேங்க, அவங்க போயிட்டா?" என்று ஒருமுறை கேட்டேன். "போனா இன்னொருத்தன் வருவான். உலகத்துல யாருக்குடி காலு இல்ல?" என்றார். அதற்குமேல் என்ன பேசுவது!

அவருக்கு உண்மையில் எரிச்சலூட்டியது வழித் திருட்டு. மெட்ராஸ் போகும் லாரியில் மூட்டைகளைப் பிரித்து யாரோ கைவரிசை காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலையில் முகமெல்லாம் பிரகாசமாக வந்தார். "இனிமே எடது காலு ஒரு லாரி, வலது காலு வேற லாரி. ஒத்தக் கால எடுத்துக்கினு போயி எவன் இன்னா பண்ணுவான், நொண்டியா அடிப்பான்?" அன்றோடு திருட்டு நின்றது. ஊரில் யார் எதிர்ப்பட்டாலும் இந்த யோசனையைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு போராட்டம் வந்தது. படிப்பிலும் வேலையிலும் தங்கள் சமூகத்தின் பங்கைத் தனியாகக் கொடு என்று கேட்டு வட மாவட்டங்களே கொதித்தன. புளிய மரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்தார்கள். அப்படிச் சாய்த்தவர்கள் வேறு யாருமில்லை, எங்கள் மிஷின்களில் உட்கார்ந்திருந்த பெண்களின் கணவன்மார்களும் அண்ணன் தம்பிகளும்தான். வீட்டுப் பெண்களை வேலைக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் மரத்தடிக்குப் போனார்கள். எங்கள் இடது கால் லாரி அதற்கு முதல் நாளே மெட்ராஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. வலது கால் முழுவதும் மில்லுக்குள் இருந்தது. ஏற்றுமதிக்காரர் போனில் கத்தினார். வலது கால் வராமல் கப்பல் போனால் இந்த ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும், இனி உங்களுக்கு ஆர்டரே கிடையாது என்றார். அப்படியானால் யூனிட்டை மூட வேண்டியதுதான். நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு அழுகை வந்தது. முதலாளியம்மா மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "புத்தி கொஞ்சம் ஜாஸ்தியா போச்சிடி எனக்கு" என்றார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் வடக்கனந்தலிலிருந்து வந்த ஒரு பெண் செய்தி சொன்னாள். வெள்ளிமலையிலிருந்து சாமை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஜீப் ஒன்று ஊருக்கு அப்பால், சாய்ந்த மரத்துக்கு மலைப் பக்கமாக நிற்கிறதாம். முதலாளியம்மா எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டார். மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு குறுக்குப் பாதைகளில் வளைந்து வளைந்து அந்த மரத்துக்கே போனார். மரத்தின் மேலும் கீழுமாக உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் இறங்கி நேராகப் போய்ப் பேசினார்.

"மரத்த எடுங்கன்னு கேக்க வரல. நீங்க ஒக்காந்துகினு இருக்கறது உங்க புள்ளைங்களுக்காக. நான் வந்திருக்கறது உங்க வூட்டுப் பொம்பளைங்களுக்காக. வண்டி தாண்டக் கூடாது, சரி. மூட்ட தாண்டலாமா?"

ஒருவர் வந்து ஒரு மூட்டையைப் பிரித்து ஓர் அப்பரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்களிடம் தைக்கும் ஒரு பெண்ணின் கணவர். "இது எங்க வூட்ல தச்சதாம்மா?" என்று என்னிடம் கேட்டார். தையல் வளைவைப் பார்த்தேன். "ஆமாங்க, அவங்க தச்சதுதான்" என்றேன். அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"மரம் அசையாது. மூட்டைய தூக்குங்கப்பா."

தோளுக்குத் தோள் மாறி எங்கள் மூட்டைகள் மரத்தைத் தாண்டின. சாமை மூட்டைகள் இந்தப் பக்கம் வந்து எங்கள் மாட்டுவண்டியில் ஏறின. ஜீப் திரும்பி வெள்ளிமலை ஏறி, கருமந்துறை வழியாகச் சேலம் பக்கம் இறங்கியது. அங்கிருந்து ரயிலில் மெட்ராஸ் போன வலது கால்கள் கப்பலைப் பிடித்துவிட்டன. ஒன்று மட்டும் குறைகிறதே என்று போன் வந்தது. அந்தக் கணவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்ட அப்பர் அது. மறுநாள் மனைவியிடம் கொடுத்தனுப்பியிருந்தார். "மரத்துக்கு சுங்கம் கட்டிட்டோம்னு சொல்லு" என்றார் முதலாளியம்மா. அதன்பின் அவர் ஜோடியைப் பிரிக்கவேயில்லை. வழியைத்தான் பிரித்தார். பாதிச் சரக்கு பெரிய சாலையில் போனது, பாதி மலையேறிப் போனது. வயதாகி யூனிட்டை வேறொருவருக்கு விற்றபோது, இந்த அப்பரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் எந்தச் சிக்கல் வந்தாலும் எனக்குக் கேட்பது அவர் குரல்தான்.

நான் சொல்லி முடித்தபோது அந்த அதிகாரிப் பெண் பேனாவை மூடி வைத்திருந்தாள். அப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த மரத்தடி மனிதரின் மகள் அவள். பின்னாளில் கிடைத்த ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தவள்.

"மரத்தடியில ஒக்காந்தத அப்பா ஆயிரம் தடவ சொல்லிகிறாரு. மூட்ட தூக்கனத சொன்னதே இல்லீங்க" என்றாள்.

எழுந்து அப்பரை ஆணியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அம்மாதான். இன்னிக்கும் இந்த வளைவுலதான் அதுக்கு தையல் கோணும்." சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். பத்திரமாக மாட்டிவிட்டு வந்து பேனாவைத் திறந்தாள்.

"சாலை அடைபட்டா இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டிருக்காங்க. இன்னான்னு எழுதட்டும்?"

"மொதல்ல மரத்தடியில யாரு ஒக்காந்திருக்காங்கன்னு போய்ப் பாப்போம்னு எழுதும்மா" என்றேன்.