நான்காம் வருட நெருப்பு

ஒரு மண்சட்டியைப் பார்த்து நான் வாயடைத்து நின்றேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். என் வாய் அவ்வளவு சுலபத்தில் அடைபடுவதில்லை. ஆனால் அது நடந்தது. சென் ஜேம்ஸ் ரவுண் என்கிற, வந்தேறிகள் நிறைந்த மாடிக்கட்டடப் பகுதியில் எங்கள் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில்.

என் மாடியில் ஒரு மெக்சிக்கோக்காரி இருக்கிறாள். உடுப்புத் தோய்க்கும் லோண்ட்றி அறையில் சிநேகிதமானவள். அவளுக்கு அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிற வேலை, எனக்கு முதியோர் இல்லமொன்றில் சமையலறை வேலை. இரண்டு பேரும் பேசுவது நொண்டி ஆங்கிலம். ஆனால் அந்தப் பேச்செல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். என்னை அவள் 'அக்கா' என்பாள். அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்தது நான்தான்.

ஒரு ஞாயிறு மத்தியானம், "அக்கா, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூட்டிப்போனாள். மெக்சிக்கோவின் ஆதிக்குடிகளான அஸ்ரெக் மக்களின் வழிவந்த ஆட்டம் என்றாள். பிள்ளைகளின் கலைவிழா மாதிரி ஏதோ, இடையில் ரோல்ஸும் தேத்தண்ணியும் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். முப்பது பேரளவில் வட்டமாக நின்றார்கள். எல்லோருடைய கணுக்காலிலும் காய்ந்த கொட்டைகளைக் கோத்த சலங்கை. மேளம் விழுந்ததும் அத்தனை காலும் ஒன்றாக நிலத்தில் இறங்கின. என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. வட்டத்தின் நடுவில் என் சிநேகிதி, இரண்டு கையாலும் நெருப்புச் சட்டியை ஏந்திக்கொண்டு நின்றாள். தணலில் எங்கள் சாம்பிராணி போல ஒரு பிசின் புகைந்தது. மூன்று மணித்தியாலம் அவள் உட்காரவில்லை, பேசவில்லை, சட்டியைக் கீழே வைக்கவுமில்லை. யாரோ சவர்க்காரத் தூளைக் கொட்டிவிட்டுப் போனதற்கு அரை மணித்தியாலம் மூச்சுவிடாமல் திட்டியவள் இவள்தானா? கோயிலில்கூட எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை.

திரும்பி நடந்து வரும்போது காரணம் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன் ஊரில் அவளுடைய அம்மா இறந்துபோனா. இங்கே அகதி வழக்கு முடியாததால் இவளால் போக முடியவில்லை. போனால் திரும்பி வர முடியாது. அதனால் நேர்த்தி வைத்திருக்கிறாள். அம்மாவின் நினைவுநாளையொட்டி வருடம் ஒரு முறையாக நான்கு வருடம் நெருப்பு ஏந்தவேண்டும். ஒரு வருடம் தவறினாலும் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும்.

"இது மூண்டாவது. ஆனா அக்கா, அம்மா செத்ததுக்கு நான் இன்னும் அழேல்லை. வருகுதில்லை" என்றாள், நாள்பட்ட இடுப்பு நோவைச் சொல்வதுபோல.

நான்காவது வருடம், நினைவுநாளுக்கு ஆறு கிழமை, ஆறு ஞாயிறு, இருக்க, பஸ் தரிப்பிடத்தில் பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அவளுக்காக வேறொரு பெண் ஏந்தலாம், ஆனால் முறைப்படி பழகியிருக்கவேண்டும் என்பது விதி. அந்த வட்டத்தில் அத்தனை பெண்கள் இருக்க, "எனக்கு இஞ்சை அக்கா நீங்கள்தானே" என்று அவள் என்னைக் கேட்டாள். அந்த மூன்று மணித்தியாலம் என் கண்ணுக்குள் இருந்ததால் யோசிக்காமல் ஓம் என்றேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

வட்டத்துக்குத் தலைவி ஒருத்தி. என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். வெளியாள் ஏந்துவதில் அவளுக்கு விருப்பமில்லை, முகத்திலேயே தெரிந்தது. முதல் நாள் தும்புத்தடியைத் தந்து மண்டபத்தைக் கூட்டச் சொன்னாள். அடுத்த ஞாயிறு, தண்ணீர் நிறைத்த சட்டியை நெஞ்சுக்கு நேரே ஒரு மணித்தியாலம் பிடிக்கச் சொன்னாள். பேசக்கூடாது, தணலை வாயால் ஊதக்கூடாது, இறகால் விசிறவேண்டும், கண் எப்போதும் நிலத்தைப் பார்க்கவேண்டும். பழைய அஸ்ரெக் நாட்டில் பெண்பிள்ளை பிறந்ததும் கையில் தும்புத்தடியும் நூல் நூற்கும் கதிரும் கொடுத்து, தொப்புள்கொடியை அடுப்படியில் புதைப்பார்களாம். ஆண்பிள்ளையினதைப் போர்க்களத்தில் புதைப்பார்களாம்.

"அப்ப பிறக்கேக்கையே வேலைக்கு அப்பொயின்ற்மென்ற் குடுத்தாச்சு" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு தலைவி என் முகத்தை நாடியில் பிடித்துக் கீழே அழுத்தினாள்.

"கண்ணைத் தாழ்த்துங்கோ."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கே நான் தலை குனியேல்லை. என்ரை அம்மாவாலேயே ஏலாத வேலை. உங்களாலயும் ஏலாது!" என்று சட்டியை வைத்துவிட்டுக் காலில் சப்பாத்தை மாட்டினேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "அந்தக் காலத்தில சொல்வழி கேளாத பெட்டையளை நெருப்புக்கு மேல பிடிச்சு மிளகாய்ப் புகை காட்டுறவை" என்றாள்.

"காட்டிப் பாருங்கோவன்!" என்று கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் லோண்ட்றி அறையில் என் சிநேகிதி ஒற்றைக் கையால் படுக்கை விரிப்பை மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறு முனையை நான் பிடித்தேன். மடித்து மடித்துக் கிட்ட வந்தபோது, அவளிடம் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன். கொரோனாக் காலம். விமானம் இல்லை. என் அம்மாவின் செத்தவீட்டை வேலையிடத்துக் குளிரறைக்குள் நின்று போனில் பார்த்தேன். பதினைந்து நிமிடப் பிறேக் முடிந்ததும் போனைப் பையில் வைத்துவிட்டுப் போய்க் கரட் வெட்டினேன்.

"அழுதனீங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லை. வேலை கிடந்தது."

அடுத்த ஞாயிறு தலைவிக்கு முன்னால் போய் நின்றேன். "கூட்டுறன், நிக்கிறன், வாய் திறக்கமாட்டன். ஆனா கண்ணைத் தாழ்த்தமாட்டன்." அவள் தும்புத்தடியை நீட்டினாள். வாங்கிக் கூட்டினேன்.

நினைவுநாள் வந்தது. சாம்பிராணிப் புகைக்குப் பழகிய தேவாலயம். அனுமதி எடுத்துப் புகை எச்சரிக்கை மணியையும் நிறுத்தியிருந்தார்கள். என் சட்டைப் பையில் ஒரு ரிஷூத் தாளில் மூன்று செத்தல் மிளகாயும் கொஞ்சம் உப்பும் கடுகும் சுற்றி வைத்திருந்தேன். எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போனதும் என் சிநேகிதிக்குக் கண்பட்ட நாவூறு கழிக்கிற எண்ணம். மூன்று வருடமாக அத்தனை கண்ணும் அவளில் பட்டிருக்கிறது, விழாமல் என்ன செய்வாள்? பனியில் வழுக்கியது வெறும் சாட்டு.

சட்டி கைக்கு வந்தது. தண்ணீர்ச் சட்டி வேறு, நெருப்புச் சட்டி வேறு என்று அந்த நிமிடம் விளங்கியது. முகத்தில் சூடு அடித்தது. மேளம் காலால் ஏறி உள்ளங்கைக்கு வந்தது. சுற்றிவர அத்தனை காலும் விழுந்து எழும்ப, நடுவில் அசையாமல் நிற்பது எவ்வளவு பெரிய வேலை! இத்தனை கடுமையான பழக்கம் எதற்கு என்று கேட்டு ஆறு கிழமையாகச் சண்டை பிடித்தவள் நான். பதில் என் கையில் இருந்தது. பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

இடையில் நெருப்பு ஏந்துகிறவள் வட்டத்தைச் சுற்றி வந்து ஒவ்வொருவருக்கும் புகை காட்டவேண்டும். கண்ணைத் தாழ்த்தியிருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நான் நிமிர்ந்து வந்தேன். கட்டுப்போட்ட கையோடு என் சிநேகிதி கரையில் நின்றாள். ஆடுகிறவர்கள் ஒவ்வொருவராக அவளைக் கடந்து போகும்போது, பாவம் என்று அவளை ஒரு பார்வை பார்த்தார்கள். அவளுடைய முகம் கல்லாக இருந்தது.

வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க என்னால் முடியவில்லை. சட்டியை ஒரு கைக்கு மாற்றினேன், பையிலிருந்ததை எடுத்து அவள் தலையை மூன்று தரம் சுற்றினேன். 'ஊர்க்கண் உறவுக்கண் கொள்ளிக்கண்' என்று சொல்வதெல்லாம் மனதுக்குள்தான். வாய் திறப்பதில்லை என்று சொல்லியிருந்தேனே. தணலில் போட்டுச் சட்டியைத் திரும்ப இரண்டு கையாலும் பிடித்தேன். உப்பு வெடித்தது. வேறொன்றும் இல்லை. நெடி வராவிட்டால் நாவூறு கடுமை என்பது எங்கள் கணக்கு. இன்னும் கிட்டப் போய் நின்றேன்.

பிறகு வந்தது பாருங்கள் நெடி! முதலில் மேளக்காரர் இருமினார். அதன்பின் வட்டம் முழுவதும் இருமியது, தும்மியது. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. கண்ணாலும் மூக்காலும் ஒழுக ஒழுக அத்தனை பேரும் ஆடினார்கள், ஒரு கால் பிசகவில்லை. இவர்கள் என்ன மனிதர்களோ என்று வியந்து நின்றபோது தலைவி வந்துவிட்டாள். சொல்வழி கேளாத பெட்டைகளுக்குக் காட்டும் புகையை அவள் மண்டபத்தில் நானே மூட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்ன போட்டனீங்கள்?"

"செத்தல் மிளகாய். இவளுக்கு நாவூறு கழிச்சனான்."

கண்ணிலிருந்து நீர் ஓட என்னையே பார்த்தாள். "எங்கட ஊரிலயும் செய்யிறவை. மணக்காட்டித்தான் பயம்."

"ஓம்."

"இது நல்லா மணக்குது" என்று சொல்லி இருமினாள். "நெருப்பைப் பாருங்கோ."

அவள் விலகியதும் என் சிநேகிதியின் முகத்தைப் பார்த்தேன். எல்லோரையும் போல அவளும் இருமினாள், எல்லோரையும் போல அவளுக்கும் கண்ணீர் வந்தது. மற்றவர்கள் துடைத்துக்கொண்டார்கள். அவளுக்கு அது நிற்கவில்லை. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். அந்தச் சொல்லுக்கு எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. சுற்றிவர முப்பது பேர் மூக்கைச் சிந்திக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடினார்கள். பார்த்தால் செத்தவீடுதான். எங்கள் இரண்டு பேருக்கும் கிடைக்காத செத்தவீடு.

எனக்கும் வந்தது. கரட் வெட்டிய அன்று வராதது. துடைப்பதற்குக் கை இல்லை, இரண்டு கையிலும் நெருப்பு. குனியவும் மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அதனால் எல்லோரும் பார்க்க நிமிர்ந்து நின்று அழுதேன்.