சாய்மனைக் கதிரையிலிருந்து ஓமந்தைக்கு

வந்த கடிதத்துக்கு ஏழு நாளுக்குள் பதில் போகவேண்டும். முடிவு எடுக்கப்படாவிட்டால் 'தங்கள் கடிதம் கவனத்தில் உள்ளது' என்று ஒரு வரியாவது போகவேண்டும். அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் நான் பிறருக்குப் புகட்டிய விதி இது. ஓமந்தைக்கு அப்பால் ஒரு பரியாரியார் தொய்வுக்கு நல்ல மருந்து கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, வரலாமா என்று 1962 வைகாசியில் அவருக்கு எழுதினேன். பெயர், வகித்த பதவி, நோயின் வரலாறு எல்லாம் பந்தி பிரித்து. ஆனி பிறந்தது; பதில் இல்லை. நினைவூட்டலும் அனுப்பினேன். அதற்கும் இல்லை.

தொய்வு என்றால் மூச்சிழுப்பு. படுத்தால் நெஞ்சு அடைக்கும். மூன்று வருடமாக நான் கட்டிலில் படுத்ததில்லை. சாய்மனைக் கதிரையில் சாய்ந்தபடியே விடியவைப்பேன். "பதில் வரட்டும் வரட்டும் எண்டு கதிரையிலேயே செத்துப்போகாதேங்கோ" என்று சொல்லி மனைவி வழிச்சாப்பாட்டைக் கட்டித் தந்தா.

காலை ஆறரைக்குக் கொக்குவிலில் ரயில் ஏறினேன். ஆனையிறவின் உப்புக் காற்றில் மூச்சு சற்று இளகியது. பரந்தனுக்கு அப்பால் எழும்பிய வயற்புழுதி அந்தச் சலுகையை ரத்துச் செய்தது.

பத்தரைக்கு ஓமந்தை. அங்கிருந்து மூன்று மைல், மாட்டுவண்டிக்கு ஒரு ரூபா.

"ஐயாவுக்குத் தொய்வோ?" என்றார் வண்டிக்காரர்.

"எப்படித் தெரியும்?"

"ரயில் போயிட்டுது, இன்னும் விசில் கேக்குது எண்டு திரும்பிப் பார்த்தனான். அது உங்கடை நெஞ்சு."

பரியாரியார் வீட்டு முற்றத்தில் நோயாளருக்கென்று ஒரு கிடுகுக் கொட்டில். அங்கே முழங்கால் இரண்டிலும் எண்ணெய்த் துணி சுற்றியபடி, முல்லைத்தீவு மீனவர் சவிரிமுத்து இருந்தார். வாதம் பிடித்து ஒரு மாதமாகத் தங்கியிருக்கிறாராம்.

"வீக்கம் இறங்கியிட்டுது ஐயா. ஆனால் மீன் கூடாதாம். கடலுக்குள்ளை வளர்ந்தவனுக்கு மீன் கூடாதாம், மாதாவே!"

பரியாரியார் வயலிலிருந்து வந்து கால் கழுவி, என் நாடியைப் பிடித்தார். நான் பெயரையும் பதவியையும் சொல்லத் தொடங்கினேன்.

"பேர் கிடக்கட்டும். ராவிலை என்ன சாப்பாடு?"

"புட்டும் வாழைப்பழமும். கொஞ்சம் தயிர். ஒன்பது மணிக்கு."

"நெஞ்சு நிறையச் சளி. அதுக்கு ஒவ்வொரு ராவும் விருந்து வைக்கிறியள்."

அன்று முதல் நான் 'கொக்குவில் தொய்வு'. சவிரிமுத்து 'முல்லைத்தீவு முழங்கால்'. அந்த வளவில் ஊரும் வருத்தமும்தான் பெயர். காலையும் மாலையும் ஆடாதோடைக் குடிநீர், தேனில் குழைத்த திப்பிலித் தூள், சூரியன் சாய முன் கஞ்சி. தயிர் இல்லை, பழம் இல்லை, பகல் தூக்கம் இல்லை. பொழுதுபடமுன் எதையும் முடித்துப் பழகாத கச்சேரிக்காரனுக்கு அந்தக் கஞ்சி பெரிய தண்டனை.

"முற்றாக மாறுமோ?" என்று கேட்டேன்.

"இது வந்துபோற விருந்தாளி இல்லை, குடியிருக்கிறவன். வீட்டை விட்டு எழுப்பேலாது. சத்தம் போடாமல் இருக்கப் பண்ணலாம். ஆஸ்பத்திரிக் குளிசையை எறிஞ்சுபோடாதேங்கோ. மூச்சு எடுபடாட்டில் உடனே அதைப் போடுங்கோ."

பாய் கொண்டுபோகாத நோயாளி நான் ஒருவன்தான். படுக்காதவனுக்குப் பாய் எதற்கு என்று எண்ணியிருந்தேன். கொட்டில் மரத்தில் சாய்ந்தே இரவுகளைக் கழித்தேன். இரண்டாம் கிழமையில் ஒருநாள் விடியக் கண் விழித்தால், நேர் மேலே கூரைக் கிடுகு. மூன்று வருடமாக நான் விழித்ததெல்லாம் எதிர்ச்சுவரில்தான். சவிரிமுத்துவின் பாயில் பாதியைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தேன்.

"நல்லாப் பயப்படுத்திப்போட்டியள்" என்றார் அவர். "விசிலைக் காணேல்லை. ஆள் முடிஞ்சுதெண்டு மூக்கடியிலை கை வைச்சுப் பார்த்தனான்."

சிரித்தேன். சிரித்த பிறகும் இருமல் வரவில்லை.

மாதம் முடிந்து புறப்படும்போதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "உங்களுக்குக் கடிதங்கள் வந்தால்..." என்று இழுத்தேன்.

"மகள்தான் வாசிச்சுப் பதில் எழுதுறவள். வவுனியாவிலை கட்டிக் குடுத்தாச்சு. அம்மன் பொங்கலுக்கு வந்தால் எல்லாத்துக்கும் ஒரேயடியா எழுதுவாள்" என்றார். அந்தக் கடிதக்காரன் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மண்வெட்டியோடு வயலுக்கு இறங்கிவிட்டார்.

வீட்டில் இப்போது பொழுதுபடமுன் சாப்பாடு. மழைக்குளிர் நாளில் மூச்சு இழுக்கத்தான் செய்கிறது. குளிசை தலைமாட்டில் இருக்கிறது. ஆனால் தலைமாடு என்று ஒன்று இருக்கிறதே! சாய்மனைக் கதிரையில் மனைவி மிளகாய் காயவைக்கிறா.

பதிலும் வந்தது. கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தபடியே வாசித்தேன்:

'தங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. தாமதியாமல் வரவும். படுக்கப் பாய் கொண்டுவரவும். இங்கு வந்து சுகப்பட்ட தொய்வுக்காரர் ஒருவர் தங்கள் கொக்குவிலிலேயே இருக்கிறார். வழியை அவரிடம் விசாரிக்கவும்.'

பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்து, கடிதத்தின் மூலையில் கிடைத்த திகதியைக் குறித்தேன்: ஆவணி ஐந்து.