முன்பக்க அலங்காரம்

அலோன் பேட்டையில் உள்ள என் பார்லர் சுவரில், பழைய ரோமாபுரிச் சீமாட்டி ஒருத்தியின் பளிங்குச் சிலைப் படம் இருக்கிறது. நெற்றிக்கு மேலே தேன்கூடு மாதிரிச் சுருள் சுருளாகக் கூந்தல். தன் மகள் கல்யாணத்துக்குத் தனக்கு அதே அலங்காரம் வேண்டுமென்று வந்து உட்கார்ந்தாள் என் நாத்தனார். நான் மணப்பெண்ணாக வந்தபோது, "எத்தனை தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசினாலும் இந்தக் கருப்பு போகாது" என்று சபையில் சிரித்தவள்.

சுவரோரம் நிற்கிற சிலைதானே என்று சிற்பிகள் பலர் பின்னந்தலையில் மெனக்கெடுவதில்லையாம். நானும் மெனக்கெடவில்லை. இருந்த கொஞ்ச முடியையும் முன்னால் இழுத்து, சவுரி சேர்த்துக் கோபுரம் கட்டினேன். பின்னால் உள்ளங்கை அகலத்துக்குச் சொட்டை பளபளத்தது. எல்லோருக்கும் பின்னந்தலையைக் காட்டும் கைக்கண்ணாடியை அன்று மேசைக்குள் வைத்துப் பூட்டினேன்.

கோயில் மண்டபத்தில் அவள் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பின்வரிசைக்காரர்கள் கண் சொட்டையிலேயே இருந்ததால், தாலி கட்டியதை அவர்கள் பார்க்கவே இல்லை. அவள் வாய்க்குப் பயந்து ஒருவரும் அவளிடம் சொல்லவுமில்லை. போட்டோவும் முன்னாலிருந்துதான் எடுத்தார்கள். பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள்.

போன வாரம் மகன் கல்யாணத்துக்கு அழைக்க வந்தாள்.

"அன்னைக்குப் பண்ணின மாதிரியே பண்ணி விடும்மா."

"அதே மாதிரியே பண்றேன், அண்ணி."