கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். சாமுவேல் அண்ணனைப் பற்றி மேடையேறிப் பேச வேண்டியவர்கள் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். அவரோடு ஒரே வண்டியில் ஏறி இறங்கிய நான் பேசவில்லை. அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவர் இறந்த செய்தி போனில் வந்திருக்கும். கோபிசெட்டிபாளையத்தில் அவர் தம்பி வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தபோது வந்ததாம். எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரியநாயக்கன்பாளையம் தாண்டி ஒரு கழிவுப் பஞ்சு குடோனின் வாசலில் நான் நின்றிருந்தேன். உள்ளே பொதி அடுக்கு சரிந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. யாரோ மெத்தையைத் தூக்கிக் கீழே போட்டது போல இருந்தது.

எங்கள் தீயணைப்பு நிலையத்தில் அவர் முன்னணித் தீயணைப்பாளர். நான் அவருக்குக் கீழே. எம்.ஏ. வரலாறு படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல் இதில் சேர்ந்தவன் என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

“வரலாறுங்களா? அப்ப எரிஞ்சு முடிஞ்சதப் பத்தித்தான் படிச்சிருக்கீங்க, எம்மே” என்றார். நிலையமே சிரித்தது. அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் எம்மேதான். அந்தச் சிரிப்பை மறக்க எனக்குப் பல வருஷம் ஆனது. முழுதாக மறந்தேன் என்றும் சொல்ல மாட்டேன்.

அவருடைய குரலைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒருமுறை தோட்டத்துக் கிணற்றில் ஒருவர் விழுந்துவிட்டார். கயிறு கட்டி நாங்கள் இறங்கும்வரை சாமுவேல் அண்ணன் மேலே மண்டியிட்டு அவரோடு பேசிக்கொண்டே இருந்தார். “கண்ணு, கல்லப் புடிச்சுக்க. எந்த ஊரு பொண்ணு கட்டுன? மாமியா நல்லவளா? சொல்லு, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.” கிணற்றுக்குள்ளிருந்து அந்த மனிதர் மாமியாரைத் திட்டத் தொடங்கினார். திட்டி முடிப்பதற்குள் மேலே கொண்டுவந்துவிட்டோம். தன் குரல் எட்டாத இடம் கிடையாது என்ற நம்பிக்கை அண்ணனுக்கு இருந்தது. அந்த நம்பிக்கையோடுதான் நான் வருஷக்கணக்காகச் சண்டை போட்டேன்.

எங்களிடம் இருந்த வாக்கி டாக்கிகளில் ஒன்று அலுவலர் கையில் இருக்கும், ஒன்று வண்டியில் இருக்கும். மற்றவை அலமாரியில் பூட்டியிருக்கும். பெரிய மனிதர்கள் ஊருக்கு வரும் நாளில் மட்டும் வெளியே வரும். தீக்குள் போகிறவன் கையில் ஒன்றும் இருக்காது. ஆளுக்கு ஒன்று வேண்டும் என்று நான் கேட்காத அலுவலர் இல்லை. “கீழ போட்டு ஒடச்சா யாருப்பா பதில் சொல்றது?” என்பார்கள். உடைகிற பொருளுக்குப் பதில் சொல்ல ஆள் தேடுகிறவர்கள், உள்ளே போகிற ஆளுக்கு யார் பதில் சொல்வது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டுக் கேட்டு, குறை சொல்கிறவன் என்ற பெயர்தான் எனக்கு மிஞ்சியது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் என்னைத் தாண்டி மேலே போனார்கள்.

ஒரே ஒரு முறை, மேலதிகாரி ஒருவர் எங்களை உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு வாக்கி டாக்கி தேவையா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சாமுவேல் அண்ணன் எழுந்தார்.

“வேண்டாமுங்கய்யா. ஆளுக்கொண்ணு குடுத்தா எல்லாரும் பேசுவாங்க. அப்பறம் கேக்கறது ஆரு? உள்ள போனவனுக்குக் கண்ணும் கையும் தீ மேல இருக்கோணுமுங்க, காதுல இருக்கக் கூடாது.”

எல்லோரும் தலையாட்டினார்கள். விஷயம் அத்தோடு முடிந்தது. வெளியே வந்ததும், “ஏனுங்கண்ணா இப்படிப் பண்ணிப்போட்டீங்க?” என்றேன். தோளில் தட்டி, “கோவிச்சுக்காத எம்மே. நான் ஒரு சத்தம் போட்டா கேக்காதா உனக்கு?” என்றார். அவர் சத்தம் எனக்குக் கேட்கும். எங்கள் சத்தம் அவருக்கு எப்படிக் கேட்கும் என்பதை அவரும் யோசிக்கவில்லை, தலையாட்டியவர்களும் யோசிக்கவில்லை.

உள்ளே இருப்பவர்களைத் திரும்ப அழைக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். எந்தப் பயிற்சியிலும் இல்லாத வழி. வண்டியில் பம்பு இயக்குபவர் தண்ணீரை இரண்டு முறை நிறுத்தி நிறுத்தி விடுவார். கையிலிருக்கும் ஹோஸ் தளர்ந்து, விறைத்து, மீண்டும் தளர்ந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே வர வேண்டும். பல முறை அது எங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அன்று பிற்பகல் குடோனுக்குள் அவரும் நானும் இருந்தோம். பஞ்சுப் பொதி மேலே அணைந்தது போல இருக்கும். நடுவில் கனன்றுகொண்டே இருக்கும். தண்ணீர் போதவில்லை. பக்கத்து மில்களிலிருந்து லாரியில் வந்தது. ஒரு லாரி தீர்ந்து அடுத்ததை மாட்டும்போதெல்லாம் ஹோஸ் அழைப்பைப் போலவே தளர்ந்து, விறைத்து, மீண்டும் தளர்ந்தது. முதல் தடவை அழைப்பு என்று நினைத்து இருவரும் வெளியே ஓடினோம். பம்பில் நின்ற மாணிக்கம், “லாரி மாத்துனனுங்கண்ணா. அதுக்குள்ள டீ குடிக்க வந்துட்டீங்களா?” என்று சிரித்தார். அடுத்த தடவையும் அப்படியே ஆனது. சாமுவேல் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “போடா, இனி தளந்தா லாரின்னு நெனச்சுக்கறேன்” என்று உள்ளே போனார்.

அன்று அவர் செய்த தவறு அது ஒன்றுதான். அவர் கையில் பேசுவதற்கு ஏதாவது இருந்திருந்தால் அந்தத் தவறுக்கும் இடம் இருந்திருக்காது.

மறுபடி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து, “எம்மே, இன்னும் எத்தன லாரி நிக்குதுன்னு பாத்துட்டு வா. நான் இங்கயே இருக்கறேன்” என்றார். ஒரு கேள்வி கேட்க ஓர் ஆள் வெளியே போக வேண்டும். எங்கள் வேலை அப்படித்தான் நடக்கிறது. நான் வெளியே வந்தபோது அலுவலர் பக்கவாட்டு ஜன்னல் வழியாக அடுக்கு சாய்வதைப் பார்த்துவிட்டார். வாக்கி டாக்கியை வாயருகே வைத்து, “உள்ள இருக்கறவங்க ஒடனே வெளிய வாங்க” என்றார். அந்த உத்தரவு வண்டியில் கேட்டது. நகரத்தில் கட்டுப்பாட்டு அறையில் கேட்டிருக்கும். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. மாணிக்கம் தண்ணீரை இரண்டு முறை நிறுத்தினார். நான் வாசலுக்கு ஓடிக் கத்தினேன். பம்பின் இரைச்சல், தகரக்கூரை வெடிக்கும் சத்தம், அவர் முகத்தில் முகமூடி. ஹோஸ் தளர்ந்தபோது அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். லாரி மாற்றுகிறார்கள் என்று நினைத்திருப்பார். பிறகு அடுக்கு சரிந்தது.

இரங்கல் கூட்டத்தில், “வெளியே வரச் சொல்லியும் வராமல், கடமையே பெரிதென்று நின்ற மாவீரர்” என்றார்கள். பிளெக்ஸ் பேனரிலும் அதையே போட்டார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைக்குள் ஒரு கேள்வியைப் புதைத்துவிட்டார்கள்: வரச் சொன்னது அவருக்கு எப்படிக் கேட்டது?

கூட்டம் முடிந்ததும் அவர் மனைவி ரூத் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏனுங்க தம்பி, கூப்புட்டும் வரலயாமா அவரு? ஊட்ல நான் ஒருத்தி இருக்கறேன்னு அந்த மனுசனுக்கு நெனப்பே வரலயா?”

பிறகு ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, “நீங்க என்னய சமாதானப்படுத்தறதுக்குச் சொல்றீங்க. அத்தன பெரியவங்க பொய்யா சொல்லுவாங்க? நெசம்னா அவங்க சொன்ன மாதிரியே நாலு பேரு முன்னால சொல்லுங்க” என்றார்.

அன்றிலிருந்து இதில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். நிலையத்தில் வாக்கி டாக்கி பேச்சை எடுத்தால், “சாமுவேலே வேண்டாம்னு சொன்னாரேப்பா” என்கிறார்கள். அவர் பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால், அவர் சொன்னது தவறு என்று நான் சொல்லியாக வேண்டும். சொல்கிறேன். அண்ணன் சொன்னது தவறு. அதற்காக அவர் வீட்டை மறந்தவர் ஆகிவிட மாட்டார். உத்தரவை மீறியவரும் இல்லை. அது அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பாதிச் சண்டை. மீதியைப் போட ஆள் இல்லை. அவர் இருந்திருந்தால் இன்னும் என்னை மடக்கியிருப்பார், எல்லோரும் சிரித்திருப்பார்கள், நான் ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன்.

இதன் கீழே பெயர் போட்டால், பதவி உயர்வு கிடைக்காதவன் பழிதீர்க்கிறான் என்று நாளைக்குப் பேச்சு என்னைப் பற்றித் திரும்பிவிடும். என் வேலையைப் பற்றிய பயமும் இருக்கிறது. இல்லை என்று நடிக்கவில்லை. வாசலில் நின்றவன் யார் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ரூத் அக்கா இதைப் படித்துவிட்டு உங்களிடம் கேட்டால், யார் எழுதியது என்ற பேச்சே வேண்டாம்; என் பெயர் வந்தால் மறுபடியும் சமாதானத்துக்குச் சொன்னது என்று தள்ளிவிடுவார். உண்மை என்று மட்டும் சொல்லுங்கள். பெயர் போடாமலேயே பதிவிடுகிறேன்.