கோயிலுக்குப் பதினெட்டு, பந்தயத்துக்குப் பதினேழு

அலாய் வீல் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் என்ன சைஸ் போடலாம் என்று கேட்க வருவதில்லை. வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு, நம் வாயால் ஒரு ‘சூப்பர்’ வாங்கிக்கொண்டு போக வருகிறார்கள். துணிக்கடையோ செருப்புக்கடையோ மூக்குக்கண்ணாடிக் கடையோ, ஏதோ ஒரு கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்கு இது தெரியாததா? தேனியில் கம்பம் ரோட்டில் டயரும் அலாய் வீலும் விற்கிறேன். பெயர் ஜெசிந்தா. “ஓனர் இல்லீங்களா?” என்று கேட்டு வருகிறவர்களிடம் “இருக்காக, உக்காருங்க” என்று சொல்லிவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் சுற்றி மறுபடி அவர்கள் பக்கமே திரும்பி உட்காருவது என் வழக்கம்.

நிற்கும்போது அழகு

முதலில் ஒரு சின்னக் கதை. உத்தமபாளையத்தில் ஒரு பையன். பையன் என்றால் கல்யாணமாகி ஒரு குழந்தை உள்ள பையன். சின்னக் கார் வைத்திருந்தான். கம்பெனியில் கொடுத்த பதினாலு இஞ்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த பதினேழைக் கை காட்டினான். ரிம் பெரிதானால் அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் ஒல்லியாகிவிடும், பள்ளத்தில் விழுந்தால் அடியை டயர் தாங்காது, ரிம்தான் தாங்கும் என்று மூச்சைப் பிடித்துச் சொன்னேன். அவன் கண் சுவரைவிட்டு நகரவில்லை. மாட்டிக்கொடுத்தேன்.

அடுத்த வாரமே குமுளி மலை ஏறி இறங்கியவன், நேராக என் கடைக்கு வந்தான். இரண்டு ரிம் நெளிந்து, ஒன்று அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தானோ என்னவோ, முந்திக்கொண்டு சொன்னான்: “வண்டி ரொம்ப அழகா இருக்குன்னுதான்க்கா எல்லாரும் சொல்றாக. என்ன, நிப்பாட்டி வச்சிருக்கும்போது பாத்துருக்காக.”

வாழைத்தாருக்காகப் பிரேக் பிடித்தவர்

தவசியண்ணன் சின்னமனூர் வாழைக்காய் வியாபாரி. ஐம்பதைத் தாண்டியவர். இளவட்டத்தில் சொந்த டெம்போவில் தார் ஏற்றிக் கேரளாவுக்கு ஓட்டியவர். இப்போது லாரிகள் ஓடுகின்றன. எப்போதும் லாரி டயருக்குத்தான் வருவார். அன்றைக்கு அவர் வந்த சத்தம் சிக்னல் பக்கமே கேட்டுவிட்டது. என் ஃபிட்டர் பாண்டி ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். சிவப்புக் கார். இரண்டே கதவு. பின் சக்கரத்தால் ஓடுகிற அசல் ஸ்போர்ட்ஸ் கார்! கொச்சியில் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். எனக்குக் கை காலெல்லாம் பரபரவென்றது. விற்கிறவள் அதைக் காட்டக் கூடாது என்பதால் துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

ஒரு தனியார் விமான ஓடுதளத்தில் வருஷத்துக்கு ஒரு தரம் கார்களை இரண்டிரண்டாக நிறுத்தி நானூறு மீட்டர் நேர்கோட்டில் விடுகிறார்களாம். அதில் ஓட வேண்டும் என்பது அவர் ஆசை. “தாயி, சக்கரத்துக்கு முப்பது வருசமா ஒங்கிட்டயும் ஒங்கப்பாகிட்டயும்தான் வாறேன். அம்புட்டு வருசமும் தார் நசுங்கிரும் நசுங்கிரும்னு பிரேக்கத்தான் மிதிச்சேன். ஒரே ஒரு தடவ பக்கத்துல இருக்க ஆக்சிலேட்டர் கட்டைய முழுசா மிதிச்சுப் பாக்கணும்” என்றார். சொல்லிவிட்டு எல்லாரையும் போல அவரும் சுவரில் இருந்த இருபது இஞ்சைக் காட்டினார்.

அதற்குள் காரின் அந்தப் பக்கக் கதவு திறந்தது. அவர் மனைவி பேச்சியம்மா மதினி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தரையோடு தரையாக இருந்த சீட்டிலிருந்து எழ முயன்று, மறுபடி உட்கார்ந்து, மறுபடி முயன்று வெளியே வந்தார். வந்தவர் இருபது இஞ்சைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தார். “ஜெசி, இவுக பந்தயத்துக்குப் போறது ஒரு நாளு. நான் குச்சனூர் கோயிலுக்குப் போறது வாராவாரம். அந்த ஒரு நாள்லயும் ஒரு ஓட்டமாச்சும் ஜெயிக்கலைன்னா, வண்டிய வித்துப்புடுறதுன்னு பேச்சு. அத மனசுல வச்சுச் சக்கரத்த மாட்டு.”

கை முட்டி அளவு

தெருவுக்கும் பந்தயத்துக்கும் ஒரே கார் என்று வந்துவிட்டால், இருபது இஞ்ச் இரண்டுக்குமே ஆகாது. தெருவில் மதினியின் இடுப்பு போகும். பந்தயத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் காரின் எடை முழுக்கப் பின்பக்கம் சாயும். அப்போது டயரின் பக்கச்சுவர் கொஞ்சம் மடங்கிக் கொடுத்தால்தான் ரப்பர் தரையைக் கவ்வும். ஒல்லி ரப்பர் எங்கே மடங்குவது? அதோடு, பெரிய ரிம் என்றால் சுமையும் கூட. ஆகவே முன்னால் கம்பெனி கொடுத்த பதினெட்டு அப்படியே இருக்கட்டும், பின்னால் ஒரு இஞ்ச் குறைத்துப் பதினேழு, அதில் அகலமான, உயரமான டயர் என்றேன். டயரோடு சேர்த்து மொத்த உயரம் பழையபடியே வரும். மீட்டரும் பொய் சொல்லாது.

தவசியண்ணன் சட்டென்று பிடித்துக்கொண்டார். “சேத்துல டெம்போ மாட்டுனா காத்த எறக்கி விடுவோம்ல, அந்தச் சங்கதிதான?” அதே சங்கதிதான் என்று நான் சொன்னபோது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. கடையில் இருந்த பதினேழைப் பாண்டி உடனே மாட்டிக் கையால் சுற்றினார். க்ர்ர்ர்ர். அந்தக் காருக்குப் பிரேக் பெரிது. பிரேக்கைப் பிடிக்கிற காலிபர் கை முட்டி அளவுக்குத் துருத்திக்கொண்டு, ரிம்மின் உள்பக்கத்தை உரசியது. இன்னொரு டிசைன். அதுவும் க்ர்ர்ர்ர். அண்ணனின் முகம் வாடிவிட்டது. பாண்டி காலிபரின் அளவை அட்டையில் வெட்டி எடுத்தார். அதை ஸ்கேலோடு வைத்துப் படம் பிடித்து எனக்குத் தெரிந்த கடைகளுக்கெல்லாம் அனுப்பினேன். சாயங்காலம் எர்ணாகுளத்திலிருந்து ஒரு சேட்டன் கூப்பிட்டார். கம்பிகள் வெளிப்பக்கமாக வளைந்த பதினேழில் ஒரு டிசைன் இருக்கிறது, அதே அளவில் அட்டை வெட்டி வைத்துப் பார்த்தாகிவிட்டது, ஒரு விரல் இடைவெளி நிற்கிறது என்றார். “ஒரே ஒரு ஜோடியே உள்ளூ சேச்சி. வேகம் பறயணும்.” இருப்பது ஒரே ஜோடிதானாம், சீக்கிரம் சொல்ல வேண்டுமாம்.

எர்ணாகுளத்தில் காய் இறக்கிவிட்டுத் திரும்பும் தவசியண்ணன் லாரியிலேயே வந்து சேர்ந்தது அந்த ஜோடி. பாண்டி மாட்டிச் சுற்றினார். சத்தமே இல்லை. காற்றாடி மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. நானும் பாண்டியும் அண்ணனும் கை தட்டினோம். லாரி டிரைவர் மட்டும் தார்ப்பாயை மடித்துக்கொண்டே கேட்டார்: “வாழைத்தாருக்கே வெறும் தார்ப்பாய்தான் போத்தச் சொல்லுவீக மொதலாளி. இதுக்கு மட்டும் போர்வை போத்திக் கூட்டியாரச் சொன்னீக. இது என்ன, சம்பந்தி வீட்டு ஆளா?”

குச்சனூர் போய் வந்தது

சோதனை ஓட்டத்துக்கு மதினியே நாள் குறித்தார். ஆடி பிறந்துவிட்டால் சனிக்கிழமைத் திருவிழாக் கூட்டத்தில் குச்சனூருக்குள் வண்டி நுழையாது, ஆனியிலேயே போய்விடலாம் என்றார். பின்சீட்டு என்று அந்தக் காரில் இருப்பது ஒரு பூக்கூடை வைக்கிற இடம். அதில் என்னை மடித்து வைத்தார்கள். வேகத்தடை வரும்போதெல்லாம் மதினியின் தோளை நான் பார்த்தேன். அது இறுகுகிறதா என்று. முதல் தடை. மெத்தென்று ஏறி இறங்கியது. இரண்டாவது. அதுவும் அப்படியே. “பரவாயில்ல, பஸ்ஸ விட மேலு” என்றார். சனீஸ்வரருக்கு எள் விளக்குப் போட்டு, சக்கரத்துக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சந்தோஷமாகக் கிளம்பினோம்.

திரும்பும் வழியில் மலைப்பக்கமிருந்து சாரல் இறங்கியது. ரோடு நனைந்து பளபளத்தது. வாய்க்கால் பாலம் தாண்டி ஒரு திருப்பத்தில், அண்ணன் லேசாகத்தான் மிதித்தார். காரின் பின்பக்கம் தனியாக ஒரு பக்கம் போக ஆரம்பித்தது. வயல் எங்களை நோக்கி வந்தது. அண்ணன் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பிடித்துவிட்டார், ஆனால் அந்த ஒரு நொடியில் எனக்கு ஞானஸ்நானம் முதல் எல்லாம் ஞாபகம் வந்தது. கவ்வுவதற்கென்றே செய்த மெத்து ரப்பர். காய்ந்த ரோட்டில் ராஜா, ஈரத்தில் வழுக்கும் என்று நான் சொல்லித்தான் கொடுத்திருந்தேன். சொல்வது வேறு, பூக்கூடைக்குள் உட்கார்ந்து அனுபவிப்பது வேறு.

அண்ணன் சைக்கிள் வேகத்தில் என் கடைவரை ஓட்டி வந்தார். எல்லாம் முடிந்தது, கார் நாளைக்கே விலைக்குப் போகப்போகிறது என்று நினைத்தேன். வாசலில் இறங்கிய மதினி, கழற்றி வைத்திருந்த பழைய பதினெட்டு இஞ்ச் சக்கரங்களைக் காட்டினார். “ஒங்க ஆசைக்கு அந்த ரெண்டு. என் உசுருக்கு இந்த ரெண்டு. கழட்டி மாட்டப் படிச்சுக்கங்க.”

நானூறு மீட்டர்

அப்படியே செய்தோம். பந்தய நாளுக்குக் கார் பதினெட்டில் போனது. பதினேழு இரண்டும் என் கடை வேனில், எனக்கும் பாண்டிக்கும் பின்னால் போயின. ஓடுதளத்துக்கு ஓரத்தில் ஜாக்கி வைத்து அண்ணனே மாற்றினார். சுற்றிலும் என்ன சத்தம், என்ன புகை! ரப்பர் கருகுகிற வாசனையை முகர்ந்து முகர்ந்து எனக்குப் பசியே எடுக்கவில்லை. மதினி மட்டும் என்னை ஓரமாக இழுத்து, வேலிப் பக்கம் வெள்ளைச் சட்டையில் நின்ற ஒருவரைக் காட்டினார். “மதுரைக்காரரு. தோத்தா வண்டிய வாங்கிக்கிறேன்னு வந்திருக்காரு. இவுகளுக்குத் தெரியாது.”

முதல் ஓட்டம். பச்சை விழுந்ததும் அண்ணன் முப்பது வருஷத்துக்கும் சேர்த்து மிதித்துவிட்டார். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று, புகைதான் முன்னால் போனது. பக்கத்துக் கார் கண்ணுக்கு மறைந்துவிட்டது. திரும்பி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரே வாய்ப்பு; அதில் ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. நான் பின் டயரில் காற்றை இறக்கினேன். “அண்ணே, தார் ஏத்திருக்குன்னு நெனச்சு எடுங்க. வண்டி நகந்த பெறகு மிதிங்க” என்றேன்.

இரண்டாவது ஓட்டத்தில் பக்கத்தில் வந்து நின்றது கறுப்புக் கார்; அண்ணனுடையதைவிட வலுவானது, நான்கு காலிலும் மின்னுகிற இருபது இஞ்ச். பச்சை! இந்த முறை கறுப்புக் கார்தான் சக்கரத்தைச் சுழற்றியது. அண்ணனின் பின் டயர் ஒரு தரம் சுருங்கி மடங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அடுத்த நொடி கார் உண்டிவில்லில் இருந்து விட்ட கல் மாதிரி போனது. பாதித் தூரத்துக்கு மேல் கறுப்புக் கார் பிடிக்கத் தொடங்கியது. நெருங்கியது. இன்னும் நெருங்கியது. நான் ஏதோ கத்தினேன், பாண்டி என் தோளைப் பிடித்து உலுக்கினார், கோடு வந்துவிட்டது. பலகையில் அண்ணன் பக்கத்து விளக்கு எரிந்தது! ஒரு பேனட் நீளம்கூட இல்லை, ஆனால் முன்னால்! அதற்கடுத்த சுற்றில் வேறொரு கார் அவரைச் சுலபமாகத் தோற்கடித்தது. அதைப் பற்றி எங்களில் யாரும் கவலைப்படவில்லை.

ஜெயித்த அந்த ஓட்டம் முடிந்து திரும்பி வந்த மனிதர் காரைவிட்டு இறங்கி, வானத்தைப் பார்த்து, வாய்விட்டு, சத்தமாக, நிறுத்த முடியாமல் சிரித்தார். மதினி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலிப் பக்கம் போய் வெள்ளைச் சட்டைக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “தப்பா நெனச்சுக்கிராதீகய்யா, வண்டி குடுக்கிறதா இல்ல. கல்யாணம் கட்டுனதுலருந்து இந்த மனுசன் இப்படிச் சிரிச்சு இன்னைக்குத்தான் பாக்கேன்.”

தவசியண்ணன் சைஸ்

ஊருக்குத் திரும்புவதற்குள் வீடியோ கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை கடை திறந்ததும் பெரியகுளத்துப் பூண்டு வியாபாரி ஒருவர் தன் ஏழு பேர் வண்டியோடு நின்றார். “பின்னாடி தவசியண்ணன் சைஸ் போடுங்க” என்றார். அண்ணன் கார் பின் சக்கரத்தால் ஓடுவது, உங்கள் வண்டி முன் சக்கரத்தால் ஓடுவது, பின்னால் எதை மாட்டினாலும் வேகத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அட்டையில் நான் வரைந்த படத்தைக்கூடப் பாராட்டினார். கடைசியில் சொன்னார்: “அதெல்லாம் சரித்தான்க்கா. முன்னாடி நானே பாத்துக்கிருவேன். பின்னாடி வாறவனுக்குத் தெரியணும்ல?”

ஆக, சக சங்கடக்காரர்களே, காருக்குச் சக்கரம் அளவெடுக்க எனக்கு ஒரு டேப்பும் ஒரு துண்டு அட்டையும் போதும், அதில் ஏறுகிறவர்களின் ஆசைக்கு அளவெடுக்கத்தான் இந்தக் கடையில் எந்தச் சாமானும் இல்லை.